எவ்ரார்ட் பிரபுவின் சிற்றாலயம்

மண்டில்ஹாம் கிராமத்தில் ரோலண்ட் பிஞ்ச்பெக்கின் கை படாத வீடு கிடையாது. ஆனால் வெளியே சொல்லிக்கொள்ள முடியாத இடங்களில்தான் அந்தக் கை பட்டிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் பாதாளச் சாக்கடைப் பிரிவில் மேற்பார்வையாளர். எந்த வீட்டுக் குழாய் எத்தனை அடி ஆழத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதனால் வந்த வினை என்னவென்றால், கல்யாண விருந்தானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலானாலும் சரி, கையில் கேக் தட்டோடு யாராவது ஒருவர் அவரை ஓரங்கட்டிக்கொண்டு போய், "ரோலண்ட், தப்பா நினைக்காதே, எங்க வீட்டுப் பின்பக்கம் ரெண்டு நாளா ஒரு மாதிரி வாடை..." என்று ஆரம்பிப்பார்கள்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, அவித்த முட்டையின் தலையைச் சீவிக்கொண்டே மனைவியிடம் அறிவித்தார்.

"மேவிஸ், இனிமே இந்த ஊர்ல எவனும் என்னைச் சாக்கடையோட சேர்த்து நினைக்கக் கூடாது."

"வேற எதோட சேர்த்து நினைக்கணுமாம்?"

"வரலாற்றோட."

மேவிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவி முடித்தாள். "அதுவும் குனிஞ்சு தோண்டுற வேலைதானே. உன் இடுப்பு தாங்குச்சுன்னா செய்."

ஒரே மாதத்தில் மண்டில்ஹாம் வரலாற்றுச் சங்கம் உருவானது. தலைவர் ரோலண்ட். செயலாளரும் ரோலண்ட். கூட்டத்துக்கு பிஸ்கட் கொண்டுவரும் பொறுப்பு மேவிஸுக்கு, அவளைக் கேட்காமலே.

சங்கம் இருந்தால் வரலாறு வேண்டுமே. அது விவசாயி கிளெமென்ட் ரட்ஜின் மாட்டு மேய்ச்சல் நிலத்தில் கிடந்தது. சதுரமாக ஒரு திட்டு. அதைச் சுற்றி மூன்று பக்கம் பச்சைப் பாசி மூடிய அகழி. நாலாவது பக்கத்தைக் கிளெமென்டின் அப்பா பழைய டிராக்டர் டயர்களைப் போட்டு மூடிவிட்டார். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் திட்டின் மேல் ஒரு வீடு இருந்திருக்கிறது என்பதோடு ஊருக்குத் தெரிந்தது முடிந்தது. ரோலண்ட் விடவில்லை. ஆவணக் காப்பகத்தில் நாலு நாள் தும்மித் தும்மிப் புரட்டி, ஒரு பழைய வரிப் பட்டியலில் ஒரே ஒரு பெயரைப் பிடித்தார்: 'அகழிக்கரை எவ்ரார்ட்'. அந்த ஆள் யார், என்ன பிழைப்பு என்று ஒரு வரி இல்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே ரோலண்ட் அவனுக்கு 'சர்' பட்டம் கொடுத்துவிட்டார். ஊர்ச் செய்திமடலில் அச்சானபோது எவ்ரார்ட், 'மாவீரர் சர் எவ்ரார்ட் டி மண்டில் பிரபு' ஆகியிருந்தார்.

எழுதி எழுதிப் பல்கலைக்கழகத்தை நச்சரித்ததில், ஜூன் மாதம் டாக்டர் இமோஜன் டால்பி என்ற தொல்லியல் அறிஞர் ஆறு மாணவர்களோடு இரண்டு வார அகழாய்வுக்கு வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மெல்லப் பேசுகிறவள், யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவள். தோண்டுவதற்கு முன்னால் மண்ணுக்குள் பார்க்கும் கருவி ஒன்றைத் திட்டு முழுக்க உருட்டிக்கொண்டு போனாள். அகழியின் கரையோரம் கணினித் திரையில் கறுப்பாக ஒரு செவ்வகம் தெரிந்தது.

"கல் சுவர்" என்றாள் இமோஜன். "சின்ன அறை மாதிரி இருக்கு."

"சிற்றாலயம்!" என்றார் ரோலண்ட்.

"அதை இப்பவே சொல்ல முடியாது, மிஸ்டர் பிஞ்ச்பெக்."

"பிரபு ஜெபம் பண்ண வேற எங்க போவார்? வீடெல்லாம் மரம், இது மட்டும் கல்லுன்னா காரணம் இல்லாமலா?"

வேலி மேல் சாய்ந்து நின்ற கிளெமென்ட் ரட்ஜ், வாயிலிருந்த புல்லை எடுத்துவிட்டுக் கேட்டார். "அந்த மூலையிலயா கல்லு கெடக்கு?"

"ஆமா. ஏன்?"

"சும்மாதான்ய்யா கேட்டேன்." புல்லைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். மாடு கன்று போடும்போது தவிர மற்ற நேரத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலையே ரோலண்ட் பிஷப்புக்குக் கடிதம் எழுதினார். கண்டெடுக்கப்பட்ட சிற்றாலயத்தை இரண்டாவது சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று. மேவிஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு கல்லுகூட வெளிய வரலியே ரோலண்ட்."

"பிஷப் பெரிய ஆளு மேவிஸ். முன்னாடியே சொல்லணும்."

பிஷப் வருவதாகத் தடித்த உறையில் பதில் வந்தது. அதை ரோலண்ட் அஞ்சலகத்தில் ஒரு முறை, பப்பில் மூன்று முறை வாசித்துக் காட்டினார்.

அகழாய்வின் ஆறாவது நாள், கல் அறை மார்பளவுக்கு வெளிப்பட்டது. ஆறடி நீளம், நாலடி அகலம். அழகாகச் செதுக்கிப் பொருத்திய கற்கள். அகழிப் பக்கச் சுவரின் அடியில் அரைவட்ட வளைவு ஒன்றின் தலை மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. "பீடம் இருந்த மாடம்!" என்று ரோலண்ட் குதித்தார். மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இமோஜன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடக் கூடாரத்துக்குப் போனபின், ரோலண்ட் மட்டும் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார். பிரபு முழங்காலிட்ட இடத்தில் தானும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்ற ஆசைதான். ஒரு ஓரத்தில் தரைக்கல் வெளிப்பட்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். பிரபுவின் பாதம் பட்ட கல். கை போன போக்கிலே போனது. போன கை நின்றது.

தரை மட்டமாக இல்லை.

சட்டைப்பையிலிருந்து சின்ன ரசமட்டத்தை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். ஓய்வு பெற்றாலும் அது இல்லாமல் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. குமிழி நகர்ந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் அதே அளவு. நாற்பது அடிக்கு ஓரடி இறங்கும் வாட்டம், மயிரிழை பிசகில்லை. குடுவையில் மிச்சமிருந்த ஆறிய தேநீரைத் தரையில் ஊற்றினார். அது எங்கும் தயங்காமல், எங்கும் தேங்காமல் வளைவை நோக்கி ஓடிப்போய் மண்ணுக்குள் மறைந்தது.

பீடத்துக்கு எவனும் வாட்டம் வைப்பதில்லை. தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தார். மேலே இருப்பவர் உட்கார, கீழே விழுவது வாட்டத்தில் வழுக்கி, வளைவு வழியாக அகழிக்குப் போக... முப்பத்தெட்டு வருஷம் ஓடி ஓடித் தப்பித்தது, எழுநூறு வருஷம் முன்னாலேயே வந்து கல்லில் உட்கார்ந்து அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

எவ்ரார்ட் பிரபுவின் கக்கூஸ்.

பயத்துக்கு நடுவிலும், 'என்ன வேலைப்பாடு! எந்த மகராசன் கட்டினானோ!' என்று மனசின் ஒரு மூலை கைதட்டியது. அதை அடக்கிவிட்டு, தேநீர்க் கறையைக் கைக்குட்டையால் துடைத்தார். மேலே ஏறி வந்து, யாரும் கேட்காமலேயே, "ஜெபத்துக்கு என்ன அமைதியான இடம்!" என்று சத்தமாகச் சொன்னார்.

அதற்குப்பின் ஆறு நாள் அவர் பட்ட பாடு! இமோஜனைக் குழிக்குள் தனியாக விடுவதில்லை. அவள் வளைவுப் பக்கம் திரும்பினால், அந்தப் பக்கம் காக்கா பறக்கிறது, இந்தப் பக்கம் பானை ஓடு தெரிகிறது என்று திசைதிருப்புவார். ஒருநாள் அவளே தயங்கித் தயங்கி வந்தாள்.

"மிஸ்டர் பிஞ்ச்பெக், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். இந்த அறையைப் பத்தி..."

"நாளைக்குப் பேசலாம்மா. மேவிஸ் டீ போட்டிருக்கா."

"இல்ல, பிஷப் வேற வர்றாரு..."

"ஆமா ஆமா, அவருக்கு எலுமிச்சை கேக் பிடிக்குமாம்!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "சரி, அந்த வளைவுப் பக்கத்தைக் கடைசியாத் தோண்டிக்கலாம். சனிக்கிழமை முடியட்டும்" என்றாள். ரோலண்டுக்கு உயிர் வந்தது. பாவம், சின்னப் பெண், ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஊரே திரண்டது. வேலி முழுக்கத் தோரணம். மேவிஸ் எலுமிச்சை கேக்கோடு நின்றாள். கிளெமென்ட் ரட்ஜ் குளித்திருந்தார். அதைப் பார்த்தே ஊர் ஆச்சரியப்பட்டது. குழிக்கு நேர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பிஷப் ஆறடிக்கு மேல் உயரம், ஊதா அங்கி, அதற்குக் கீழே ரப்பர் பூட்ஸ். குழியின் குறுக்கே போட்ட பலகை மேல் ஏறி நின்று, சுவரைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், அகழியைப் பார்த்தார். புருவம் லேசாக உயர்ந்து இறங்கியது. ரோலண்டைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார்.

"மனிதர் கையால் செய்த எல்லா நல்ல வேலைகளுக்காகவும், அவர்கள் நிம்மதி கண்ட எல்லா இடங்களுக்காகவும்..."

அந்த நேரம் பார்த்து வானம் பிளந்தது. காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்த மழை, குடம் குடமாகக் கொட்டியது. ஊர்க்காரர்கள் கூடாரத்துக்கு ஓடினார்கள். பிஷப் மட்டும், ஆரம்பித்த ஜெபத்தைப் பாதியில் விடக்கூடாது என்று பலகை மேலேயே நின்றார். அவருக்கு ரோலண்ட் குடை பிடித்தார். திட்டின் மேல் விழுந்த தண்ணீரெல்லாம் கல் அறைக்குள் இறங்கியது. முழங்கால் அளவு ஏறியது. இடுப்பளவு ஏறியது.

"பக்கச் சுவர் சரியுது!" இமோஜன் கத்தினாள். "தண்ணி இப்படியே நின்னா எல்லாம் விழுந்துடும்!"

கூடார வாசலிலிருந்து கிளெமென்டின் குரல் வந்தது. "தண்ணி போக வழியே இல்லியேய்யா! எந்த மடையன் கட்டுனான் இதை? வாட்டமே வைக்கத் தெரியல!"

ரோலண்டின் காதில் அது ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல விழுந்தது. பிரபுவைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். அவரையே சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். குடையைப் பிஷப்பின் கையில் திணித்துவிட்டுத் திரும்பினார்.

"யாரைப் பார்த்து மடையன்ங்கறே? நாற்பதுக்கு ஒண்ணு! எழுநூறு வருஷம் ஆச்சு, ஒரு நூல் இறங்கல! உன் வீட்டுக் குழாயை மூணு தடவை மாத்திப் போட்டேனே, அதுல பாதி கூட இவ்வளவு சுத்தமா வரலடா! வாட்டம் தெரியாதாம்! வளைவுல மண்ணு அடைச்சிருக்கு, அவ்வளவுதான். அடைப்பை எடுத்தா, இந்த கக்கூஸ் இன்னைக்கும் வேலை செய்யும்!"

கூடாரத்திலிருந்த தலைகளெல்லாம் அவர் பக்கம் திரும்பின. தான் என்ன சொன்னோம் என்பது ரோலண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கழற்றினார். மழை வழுக்கைத் தலையில் தெறித்தது.

"மன்னிச்சுக்கணும் பிஷப் ஐயா. இது சிற்றாலயம் இல்ல. கழிப்பறை. எனக்கு ஆறு நாளாத் தெரியும். உங்களை இங்க கொண்டுவந்து நிக்க வச்சு..."

"எனக்கும் தெரியும், மிஸ்டர் பிஞ்ச்பெக்" என்றாள் இமோஜன், சின்னக் குரலில். "மூணாவது நாளே தெரியும். நீங்க அவ்வளவு ஆசையா இருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ரோலண்ட் மேவிஸைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறே? போட்டோ காட்டுனியே, அப்பவே தெரியும். முப்பத்தெட்டு வருஷமா சாப்பாட்டு மேசையில இதைத்தானே படம் போட்டுக் காட்டிக்கிட்டிருந்தே."

"எங்க வீட்டுல அந்த மூலைக்குப் பேரே கக்கூஸ் மூலைதான்" என்றார் கிளெமென்ட். "தாத்தா காலத்துலேர்ந்து."

"அடப்பாவி, சொல்லக்கூடாதா?"

"பிஷப் வர்றாருன்னியேய்யா. சொல்லிட்டா இதைப் பாக்கறது எப்படி?"

கடைசியாக ரோலண்ட் பலகையின் மேல் நின்றவரை நிமிர்ந்து பார்த்தார். பிஷப் தொண்டையைச் செருமினார்.

"எங்க பழைய வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. குடை வைக்கப் பயன்படுத்தறோம். ஏறி நின்னதுமே புரிஞ்சுடுச்சு. அதனாலதான் ஜெபத்தைக் கொஞ்சம் பொதுவாச் சொன்னேன்." குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "கூச்சப்படாதீங்க. மனுஷன் மனமுருகி ஜெபம் பண்ற இடத்துல இதுவும் ஒண்ணுதான். எனக்கு அனுபவம் இருக்கு. இப்ப இந்தத் தண்ணியை என்ன செய்யப் போறோம்?"

ரோலண்ட் கோட்டைக் கழற்றினார்.

"கிளெமென்ட்! என் வண்டியில அடைப்பெடுக்கிற கம்பி இருக்கு. ஏழு துண்டு. திருகி மாட்டி எடுத்துட்டு வா!"

சாக்கடையை விட்டவர் வண்டியில் கம்பி எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ரோலண்ட் நல்ல சூட்டோடும் கழுத்துப் பட்டையோடும் தண்ணீரில் குதித்தார். மார்பு வரை வந்தது. கம்பியை வளைவுக்குள் செலுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, கை சொல்வதை மட்டும் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்த மேவிஸ், கேக் தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு மழையில் வந்து நின்றாள்.

"களிமண்ணு... களிமண்ணு... இது வேர்... இரு, இது மரம். பலகை. குறுக்கே நிக்குது."

"இழுக்காதீங்க!" இமோஜன் அலறினாள். "ஈரத்துல கிடந்த மரம், தொட்டா உடைஞ்சுடும்!"

"எனக்குத் தெரியாதாம்மா? குழந்தையை எடுக்கற மாதிரி எடுக்கறேன் பாரு."

அவளும் குதித்தாள். பிஷப் பலகை மேல் குப்புறப் படுத்து, அங்கியின் கையைச் சுருட்டிவிட்டு அந்த மரத்தின் ஒரு முனையைப் பிடித்தார். மூன்று பேரும் மூச்சுவிடாமல் திருப்பித் திருப்பி, அந்தக் கறுத்த பலகையை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தார்கள். அது வெளியே வந்த கணமே, மண்ணுக்கு அடியில் ஏதோ ஒரு கிழட்டு மிருகம் ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம். தண்ணீர் சுழன்றது. கொடகொடவென்று இரைந்துகொண்டு மொத்தமும் வளைவு வழியாக அகழிக்குப் பாய்ந்தது. பாசி விலகியது. இரண்டு வாத்துகள் எழுந்து பறந்தன.

மண்டில்ஹாம் ஊர் கைதட்டியது. கூடாரத்திலிருந்து ஒருவர், "வாட்டம்னா இதுதான்ய்யா வாட்டம்!" என்று கத்தினார்.

தண்ணீர் வடிந்த அறையில், சேற்றோடு சேறாக நின்றுகொண்டு பலகையைப் பார்த்தார்கள். நாலடி நீளமுள்ள ஓக் மரப் பலகை. அதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. ஓரங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகியிருந்தன. இமோஜனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மாதிரி ஒன்று தன் வாழ்நாளில் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை என்றாள். சிற்றாலயமாக இருந்திருந்தால் நாலு கல்லைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்காதாம்.

"சர் எவ்ரார்ட் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த ரோலண்ட் நிறுத்திக்கொண்டார். "அவன் சர் இல்லம்மா. அதுவும் நான் போட்டதுதான்."

"அதுவும் தெரியும்" என்றாள் அவள்.

கிளெமென்ட் மாட்டைக் கழுவும் குழாயால் ரோலண்டையும் பிஷப்பையும் ஒருசேரக் கழுவிவிட்டார். ஒரே துண்டில் தலை துவட்டிக்கொண்டு, இருவரும் மிஞ்சிய கேக்கைச் சாப்பிட்டார்கள். பிஷப்பின் வீட்டுக் குடை அறையில் மழைக்காலத்தில் ஏன் தண்ணீர் ஏறுகிறது என்று பேச்சு நீண்டு, கடைசியில் வரும் வியாழக்கிழமை ரோலண்ட் கம்பியோடு அங்கே போவதாக முடிவானது.

அந்த வருஷக் கடைசியில், கழிப்பறைக்குள் எடுத்த மண்ணின் ஆய்வு முடிவு வந்தது. அகழிக்கரை எவ்ரார்டின் வீட்டார் பிளம் பழத்தை அளவில்லாமல் தின்றிருக்கிறார்கள். எல்லோர் வயிற்றிலும் புழு இருந்திருக்கிறது. அகழியோரம் அறிவிப்புப் பலகை வைக்க ஊர்மன்றம் ஒப்புக்கொண்டது. 'கழிப்பறை' என்ற சொல்லை அச்சடிக்கலாமா என்பதில் மட்டும் மூன்று கூட்டம் சண்டை நடந்தது. 'தனியறை' என்று போடலாம் என்றார்கள். ரோலண்ட் எழுந்து நின்று, "ரெண்டு ஓட்டை இருக்கு, அது எப்படி தனியறை ஆகும்?" என்று கேட்டதில் கூட்டம் கலைந்தது. அவர் சொன்னபடியே அச்சானது.

வசந்தத்தில் அவரும் மேவிஸும் அந்த ரெண்டு ஓட்டைப் பலகையைப் பார்க்க நகரத்துக்குப் போனார்கள். ஆய்வுக்கூடத்தில் நீளமான தொட்டி ஒன்றில், காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் தெளிந்த நீருக்கடியில் அது கிடந்தது. இருவரும் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்று வெகுநேரம் பார்த்தார்கள்.

"பெருசு அவனோடது. சின்னது அவளோடது" என்றார் ரோலண்ட்.

"ஏன், அவ குண்டா இருந்திருக்கக் கூடாதா?"

"சரி, பெருசு அவளோடது."

"ஒரே நேரத்துலயா போயிருப்பாங்க?"

ரோலண்ட் யோசித்தார். "குளிரு. இருட்டு. ஒரே விளக்கு. சேர்ந்துதான் போயிருப்பாங்க."

"அப்ப பேசிக்கிட்டே இருந்திருப்பாங்க" என்றாள் மேவிஸ்.

"என்ன பேசியிருப்பாங்க?"

"என்ன பேசுவாங்க. மழை வருமா வராதா. பிளம் இந்த வருஷம் புளிப்பா இருக்கு. உங்கக்கா வந்தா எப்ப கிளம்புவா."

ரோலண்ட் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் அதிர்ந்தது. காவலுக்கு நின்ற ஆள் திரும்பிப் பார்த்தான். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரமே இருந்தது. மேவிஸ்தான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.